சண்முகத்தாய்க்கு ஒரு வண்டி

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் சங்கிலிமுத்துவின் வேனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மற்றவர்களுடைய வேன் நிறைந்துவிடும். சங்கிலிமுத்துவின் வேன் நிறைவதே இல்லை என்பார்கள். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று அவர் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்.

காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கிவிடுவதும், மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவருடைய தொழில். மானாவாரிக் காட்டில் கூலிக்குக் களையெடுத்தவர்களின் மகன் அவர். படிப்பைப் பாதியில் விட்டு வேனில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, பிறகு ஓட்டுநராகி, இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் இரண்டு வேன்களுக்கு உரிமையாளராக இருந்தார். இந்த வளர்ச்சிக்குத் தம்முடைய மூளையில் உதித்த ஓர் ஏற்பாடே காரணம் என்பது அவருடைய நம்பிக்கை. மூவர் அமரக்கூடிய இருக்கையில் ஐவர் அமர வேண்டுமானால், ஒருத்தி முதுகைச் சாய்த்துப் பின்னால் உட்கார வேண்டும். அடுத்தவள் இருக்கையின் நுனிக்கு வந்து, முன்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கடுத்தவள் மறுபடியும் பின்னால். அப்போது தோளோடு தோள் இடிக்காது. ஒவ்வொரு நாளும் கதவருகே நின்றுகொண்டு, "ஒருத்தி முன்னால, ஒருத்தி பின்னால! ஏட்டி, தூக்குவாளிய மடியில வையி, அது என்ன தனி ஆளா?" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

யாராவது முணுமுணுத்தால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"எம் பொண்டாட்டியே நுனியில உக்காந்து வாரா. ஒனக்கு மட்டும் மெத்தை கேக்குதோ?"

அவர் சொன்னது பொய்யன்று. அவருடைய மனைவி சண்முகத்தாயும் அதே வேனில்தான் வேலைக்குப் போய்வந்தாள். மற்றப் பெண்கள் போகும்போது நுனியில் இருந்தால் வரும்போது சாய்ந்துகொள்வார்கள். சண்முகத்தாய்க்கு அந்த மாற்றம் கிடையாது. போகும்போதும் நுனி, வரும்போதும் நுனி. வேன்காரன் வீட்டுக்காரிக்கு மட்டும் நல்ல இடம் என்று ஊர் வாயில் விழுந்துவிடக் கூடாது என்பது சங்கிலிமுத்துவின் கொள்கை. ஆளுக்கொரு நியாயம் பேசாத மனிதன் என்று தம்மைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இடுப்பு வலி வந்து சண்முகத்தாய் வேலையை விட்டபோது, அந்த நுனியிடம் அவளுடைய தங்கை செல்லத்தாய்க்குப் போயிற்று. "எங் கொழுந்தியாளே நுனியிலதான் வாரா" என்று பதிலில் ஒரு சொல் மாறியது. வேறொன்றும் மாறவில்லை.

வலியோ குறைந்தபாடில்லை. விருதுநகர் மருத்துவர், பேருந்தில் குலுங்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே சங்கிலிமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். மனைவிக்கென்று ஒரு பெரிய வண்டி வாங்கிவிடுவது. வழியில் நின்று மானத்தை வாங்காத எஞ்சினாகவும், உள்ளே தாராளமாக இடம் உள்ளதாகவும் பார்த்து வாங்குவது. இதை அவர் சண்முகத்தாயிடம் சொல்வதற்கு முன்பே தேநீர்க் கடையில் சொன்னார்.

"என்னலே சங்கிலி, வேன்ல அடைச்சது போதாதுன்னு காரு வேறயா?" என்று கேட்டார் சீனிவாசகம், கம்பெனிக் கணக்கர்.

"இது லோடு அடிக்கிற வண்டி இல்லண்ணே. எங்க வீட்டுக்காரிக்கு. அவ காலை நீட்டிக்கிட்டு மகராணி மாதிரிப் போகணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் விருதுநகர் புறவழிச் சாலையில், பழைய கார்கள் வாங்கி விற்கும் இடத்திற்குப் போனார்கள். விடுமுறை நாளானதால் செல்லத்தாயும் அக்காளோடு வந்திருந்தாள். விற்பனையைப் பார்த்துக்கொண்ட பாண்டிச்செல்வம், வெள்ளைச் சட்டையும் நுனிநாக்கு மரியாதையுமாக வரவேற்றான்.

வண்டி பார்ப்பதில் சங்கிலிமுத்துவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் ஒரு சுமோ. முன்மூடியைத் திறக்கச் சொல்லி எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் மூடியைக் கழற்றினார். புகை எழுகிறதா என்று பார்த்தார். பின்னால் சென்று புகைக்குழாயருகே உள்ளங்கையை நீட்டி, அதில் கரி படிகிறதா என்று கவனித்தார். அடுத்து நின்ற குவாலிஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்பிரிங்கைச் சோதிக்க, வண்டியின் மூலையில் கையை ஊன்றி அமுக்கிவிட்டார். வண்டி ஒரே முறை எழுந்து அடங்கிற்று. எஞ்சினின் சத்தத்தில் பிசிறு இல்லை. பின்பக்கக் கதவைத் திறந்து, எதிரெதிரே போட்டிருந்த இருக்கைகளைக் கண்ணால் அளந்தார்.

"இங்கன எம்புட்டுப் பேரை அடைக்கலாம்?"

பாண்டிச்செல்வம் சிரித்துவிட்டான். "அடைக்கவா? அண்ணாச்சி, அம்மா சௌகரியமாப் போறதுக்குன்னுல்லா போன்ல சொன்னீக!"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்ப்பா" என்றார் சங்கிலிமுத்து. தம்முடைய வாய் தானாகவே கேட்டுவிட்ட கேள்வி அது என்பது அவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"நீங்க ஏறிப் பாருங்கம்மா. நடுச் சீட்டுல உக்காந்து பாருங்க. மூணு பேரு தாராளமா உக்காரலாம்."

முதலில் செல்லத்தாய் ஏறிச் சன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சண்முகத்தாய் ஏறினாள். கதவைச் சாத்திவிட்டுச் சன்னல் வழியே பார்த்த பாண்டிச்செல்வம் ஒரு கணம் ஒன்றும் புரியாமல் நின்றான். நீளமான இருக்கையில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. எஞ்சிய பகுதியில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் ஒட்டி, ஒருத்தி பின்னாலும் ஒருத்தி முன்னாலுமாக அமர்ந்திருந்தார்கள். சண்முகத்தாய் நுனியில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, முழங்கால்களை ஒருக்களித்து, ஒரு கையால் முன்னிருக்கையின் முதுகைப் பற்றியிருந்தாள். வண்டி ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது.

"ஏம்மா, சீட்டு சரியில்லையா? சாஞ்சு உக்காருங்க."

"நல்லாத்தான இருக்கு" என்றாள் சண்முகத்தாய், அசையாமல்.

"பின்ன என்னத்துக்கு இப்பிடி ஒடுங்கி உக்காந்திருக்கீக? அங்கிட்டு இம்புட்டு எடம் கெடக்கே?"

அக்காளும் தங்கையும் திரும்பி அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லத்தாய்க்குச் சிரிப்புப் பீறிட்டுவிட்டது.

"இது எங்க அத்தான் சொல்லிக் குடுத்த பாடம் தம்பி! வண்டின்னு ஏறிட்டா ஒருத்தி முன்னால, ஒருத்தி பின்னால. எங்களுக்கு ஒடம்புலயே ஊறிப் போச்சு. எக்கா, நீ இனிமே செத்தாலும் நுனியிலதான் படுப்ப போ!"

சண்முகத்தாயும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாண்டிச்செல்வம் சிரித்தான், அங்கே வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். சங்கிலிமுத்துவும் சிரிக்க முயன்றார். உதடு விரிந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. அந்த இருக்கையில் மனைவி உட்கார்ந்திருந்த விதத்தை அவர் இதற்கு முன்பு ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் அவளுக்கு இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். சுற்றிலும் ஒருவரும் இல்லாமல், அந்த உடம்பு மட்டும் தானாகக் குறுகி, நுனியில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தார். இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் இருக்கையில் பதிந்திருந்தது. மருத்துவர் எந்தப் பக்கம் வலி என்று கேட்டபோது அவள் தொட்டுக் காட்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

"சாஞ்சு உக்காரு" என்று சொல்ல வாயெடுத்தார். முன்னால் வா, முன்னால் வா என்று இத்தனை காலம் சொன்ன வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

இறங்கிவந்த சண்முகத்தாய், வெயிலுக்கு முக்காடிட்டுக்கொண்டு தானாகவே நடந்து, வரிசையின் கடைசியில் நின்ற கறுப்பு நிற ஸ்கார்ப்பியோவின் அருகே போனாள். கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தாள்.

"தம்பி, இதத் தொறங்க."

அதில் நடு வரிசையில் நீள இருக்கை இல்லை. இடைவெளி விட்டு இரண்டு தனித்தனி இருக்கைகள் இருந்தன. கால்பலகையில் மிதித்துக் கம்பியைப் பிடித்து அவள் ஏறினாள். ஏறும்போது வலியில் முகம் சுளித்தாள். ஆனாலும் உட்கார்ந்தபின் எழுந்திருக்கவில்லை. இருக்கையின் இரு பக்கமும் மடக்கி வைத்திருந்த கைப்பிடிகளைப் பாண்டிச்செல்வம் இறக்கிவிட்டான்.

சங்கிலிமுத்து ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். எஞ்சினில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மனம் கணக்குப் போட்டது.

"இது ஒசரம் கூடுதல், ஒனக்கு ஏற முடியாது. ஆளும் கொறயும். குவாலிஸ்னா இருக்கன்குடி கோயிலுக்குப் போனா குடும்பத்தோட போகலாம். இதுல நடுவுல ரெண்டே பேரு."

"அதுக்குத்தான் இது நல்லாருக்குங்கேன்."

"எதுக்கு?"

சண்முகத்தாய் இரண்டு கைப்பிடிகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் கட்டை இருக்கு பாருங்க. யாரும் வந்து 'தள்ளி உக்காரு'ன்னு சொல்ல முடியாது. நீங்களே சொன்னாலும் தள்ள முடியாது."

அவள் குத்திக்காட்டவில்லை. குரலில் கசப்பும் இல்லை. ஒரு பாத்திரத்தின் அடி கனமாக இருக்கிறது என்று கடையில் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால் சங்கிலிமுத்துவும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். பாண்டிச்செல்வம் சிரிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இதையே முடிச்சிருப்பா" என்றார்.

பெயர் மாற்றும் வேலைகள் முடிந்து வண்டி கைக்கு வந்தது ஒரு வேலைநாளின் பிற்பகல். சண்முகத்தாயை மருத்துவரிடம் காட்டிவிட்டு, சங்கிலிமுத்துவே ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். எதிரே இருந்த சிறிய கண்ணாடியில் அவள் தெரிந்தாள். வேனில் அவர் ஆட்களை எண்ணிப் பழகியது இப்படியொரு கண்ணாடியில்தான். அதில் ஒரே ஒரு முகத்தைப் பார்க்க அவருக்கு என்னவோபோல் இருந்தது. அதைச் சற்று மேலே திருப்பிவிட்டார்.

சாத்தூர்ச் சாலையிலிருந்து பிரிந்து, கரிசல் காட்டுக்கு நடுவே குறுகிச் செல்லும் பாதையில், கம்பெனி விட்டுத் திரும்பும் அவருடைய வேன் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒலிப்பானைக் கேட்ட ஓட்டுநர் கருப்பணன் முதலாளியின் வண்டி என்று கண்டுகொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றான். ஸ்கார்ப்பியோ பக்கத்தில் வந்ததும் வேனுக்குள் ஒரே கூச்சல். பட்டாசு மருந்துத் தூள் அப்பிய முகங்கள் சன்னலில் நெரிந்தன. ஒருத்தி பின்னால், ஒருத்தி முன்னால். நுனியில் இருந்த செல்லத்தாய் கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

"எக்கோவ்! மகராணி! எனக்கு ஒரு எடம் இருக்கா?"

சண்முகத்தாய் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "போட்டீ! இதுல எடமே கெடையாது! கட்டை வச்சு அடைச்சிருக்கான்!"

வேன் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. பெண்களில் ஒருத்திகூடச் சங்கிலிமுத்துவின் பக்கம் பார்க்கவில்லை. கருப்பணன் கையை ஆட்டி, "நீங்க முன்னால போங்கண்ணாச்சி" என்றான்.

"இல்ல. நீ போ."

வேன் புறப்பட்டது. அதன் புழுதி முழுவதும் புதிய வண்டியின் முன்கண்ணாடியில் வந்து படிந்தது. சங்கிலிமுத்து முந்திச் செல்லாமல் மெதுவாகப் பின்னாலேயே ஓட்டினார்.

"ஏங்க, தூசி அம்புட்டும் நம்ம மேலதான வருது? முந்திப் போனா என்ன?"

"போகட்டும்."

பிறகு அவரே, முன்னாலிருந்த புழுதியைப் பார்த்துக்கொண்டு, "நாளையிலருந்து செல்லத்தாயச் சாஞ்சு உக்காரச் சொல்லிருதேன்" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் சண்முகத்தாய். "அப்ப நுனியில யாரு?"

அவருக்கு விடை தெரியும். பத்துப் பேரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நடை ஓட்ட வேண்டும். அதை உரக்கச் சொல்லிவிட்டால், இத்தனை காலமும் அது தெரிந்தே இருந்தது என்று ஆகிவிடும். காதுமடல் சூடேற, வேனுக்குப் பின்னாலேயே ஊர் வரைக்கும் ஓட்டினார்.