மூன்று கணினிக்கு ஒரு பொத்தான்

அன்று காலை பதினோரு மணிக்கு எடைமேடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கண்ணாடி அறைக்குள் நான். தேங்காய் ஏற்றிய பிக்கப்பில் ஓட்டுநரும், பக்கத்து இருக்கையில் தேங்காய்க்குச் சொந்தக்காரியும். பழைய இரும்பு கொண்டுவந்த லாரிக்காரர். வெளியே பைக்கில் சாய்ந்தபடி தேங்காய் வியாபாரியின் ஆள். முதலாளி அப்போது இல்லை. இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம், நடந்த தவறை இந்த ஐந்து பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. செய்த நானும் பார்க்கவில்லை.

எங்கள் எடைமேடை கஞ்சிக்கோட்டில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரிக்குப் பெரிய மேடை, பிக்கப்புக்குச் சின்ன மேடை, இரண்டுக்கும் தனித்தனிக் கணினி. மூன்றாவது கணினி கேமராவுக்கு. சுற்றியுள்ள கம்பெனிகளின் புழுதியில் கீபோர்டுகள் ஒவ்வொன்றாகச் செத்தபோது, முதலாளி கோயம்புத்தூரிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி வாங்கிவந்தார். அதன்பின் மூன்று கணினிக்கும் ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். பெட்டியில் ஒரு பொத்தான், மூன்று பச்சை விளக்குகள். அழுத்தினால் கீபோர்டு அடுத்த கணினிக்கு மாறும். மூன்று தடவை அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.

"மூணு மாட்டுக்கு ஒரே மூக்கணாங்கயிறு போட்டிருக்கறீங்களாட்ட இருக்குதுங்க்கா" என்று லாரிக்காரர் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். கேஸை அடைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள். பொத்தானை அழுத்திவிட்டு, விளக்கு மாறியதா என்று பார்ப்பேன். பார்த்த பிறகும் நம்பிக்கை வராது.

அன்று இரண்டு மேடையிலும் ஒரே நேரத்தில் வண்டி. இரண்டு கணினியிலும் வண்டி நம்பரை அடித்து வைத்துவிட்டேன். என்டர் தட்டினால் மேடை அப்போது காட்டும் எடை பதிந்துவிடும்; அது மட்டும்தான் பாக்கி. கீபோர்டு பிக்கப் கணினியில் இருந்தது. பிக்கப் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். லாரிக் கணினிக்குப் போகப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். வெயில் கண்ணாடியில் அடித்து விளக்கு சரியாகத் தெரியவில்லை. மாறவில்லையோ என்று மறுபடி அழுத்தினேன். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை. மூன்று ஆகிவிட்டது. என்டர் தட்டினேன். அது லாரிக்குப் போகவில்லை. எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்த பிக்கப்புக்குப் போய்விட்டது.

லாரிக் கணினி அப்படியே காத்துக்கொண்டிருந்ததால் விரல் சரியாகப் படவில்லை என்று நினைத்து, மாற்றி மறுபடி தட்டினேன். பிக்கப்பின் எடை ஏற்கெனவே பதிந்திருந்தது. நானே பதிந்திருப்பேன், மறந்துவிட்டேன் என்று விட்டுவிட்டேன். பயந்தவளுக்கு மறதி இருப்பதை நம்புவது சுலபம்.

பிக்கப் வியாபாரியின் களத்தில் தேங்காயை இறக்கிவிட்டு, காலி எடைக்குத் திரும்பி வந்தது. சீட்டைக் கொடுத்தேன். ஏற்றிய எடை 2,960. காலி வண்டி 1,640. சரக்கு 1,320 கிலோ.

தேங்காய்க்குச் சொந்தக்காரியான அந்த அக்கா கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நடத்துகிறவர். சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"மூவாயிரங் காய் எண்ணி ஏத்துனனுங்க. ஒண்ணரை டன்னுக்குக் கொறையாது. பாட்டக்காசு கட்டறதுக்கு இதத்தான் நம்பீட்டு இருக்கறேன்."

வியாபாரியின் ஆள் சிரித்தார். "எண்ணி விக்கற காலமெல்லாம் போச்சுங்க்கா. சீட்டுல இருக்கறதுக்குத்தான் காசு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீ சொல்லு. சரியாத்தான் போட்டியா?"

"போட்டனுங்க்கா" என்றேன்.

அவர் ஓட்டுநரைப் பார்த்தார். "அப்ப நடுவுல எங்கடா எறக்குன? டீக் குடிக்கறேன்னு நிறுத்துனியே, அங்கயா?"

"ஐயோ அக்கா, நீங்க வண்டிலயேதான இருந்தீங்க!"

"நான் மொகங் கழுவப் போனனில்ல?"

ஓட்டுநர் வாடகைக்குக் கை நீட்டினார். அக்கா வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார்.

அவர்கள் போனபின் கேமராக் கணினிக்கு மாறினேன். வெளியே ஓட்டுநர்கள் பார்ப்பதற்காகச் சிவப்பு எண் பலகை ஒன்று உண்டு. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. கேமராவில் அதுவும் விழும். பிக்கப் அசையாமல் நின்றபோது பலகையில் இருந்த எண் 3,140. நூற்று எண்பது கிலோவை நான் தின்றிருந்தேன்.

கேமராப் பதிவு ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். அதை அறிந்தவள் நான் மட்டும்தான். முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது அழிந்தால் பயமும் அழியும் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் அந்த ஓட்டுநர் வண்டியில்லாமல் நடந்து வந்தார்.

"அக்கா, அன்னைக்கு என் வண்டி தார்ப்பாய் அவுந்திருந்துதுங்களா? நீங்க பாத்திருப்பீங்கல்ல. எங்க ஊருல இப்ப ஒருத்தரும் எனக்கு லோடு தர்றதில்லீங்க. ஒருவேளை வழியில விழுந்திருக்குமோன்னு ரோடு பூரா தேடீட்டுத்தான் வர்றேன்."

விழாத தேங்காயை ஆறு நாள் கழித்தும் தேடிக்கொண்டிருக்கிறார். நான் பொத்தானை அழுத்தினேன். ஒரே தடவை. கேமராக் கணினிக்கு மாறியது. அவரை உள்ளே கூப்பிட்டுச் சிவப்பு எண்ணைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

முதலாளியிடமும் சொன்னேன். "மெஷின் தப்புன்னு வெளிய போச்சுன்னா சீல் வெச்சிருவாங்கம்மா. உங்க கை தப்பு. நீங்கதான் குடுக்கோணும்" என்றார். அது பொய்யும் இல்லை. பில் முடிந்துவிட்டது, காய் மற்ற காயோடு கலந்துவிட்டது என்று வியாபாரி கைவிரித்துவிட்டார். கிலோ அறுபது ரூபாய்க் கணக்கில் பத்தாயிரத்து எண்ணூறு. என் ஒரு மாதச் சம்பளம் ஒன்பதாயிரம். மாதம் ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். பாட்டக்காசுக்கு அவர் தோட்டை அடகு வைத்திருந்தார். காதில் ஈர்க்குச்சி இருந்தது.

"ஒரு வார்த்த அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பையன அப்படிப் பேசியிருக்க மாட்டேன் அம்மிணி" என்றார். 

மாதம் பிறந்தால் ஒரு நாள் பஸ்ஸில் கொல்லங்கோடு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். வாங்கி எண்ணிப் பார்ப்பார். உட்காரச் சொல்வதில்லை. அந்த ஓட்டுநர் பிக்கப்பை விற்றுவிட்டார் என்று போன மாதம் அக்காதான் சொன்னார். அவருக்கு நான் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் கணக்குப் போடத் தெரியவில்லை.

பெட்டி இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. விளக்குக்கு மேல் வெயில் படாமல் ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதம் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு இன்னும் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் பாக்கி.