கோர்ஃபக்கானில் காற்று திரும்பும் வரை

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ராஸ் அல் கைமாவிலிருந்து புறப்பட்டோம். திப்பா வழியாகக் கோர்ஃபக்கானுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தொண்ணூறு திர்ஹாம் நாள் வாடகைக்கு எடுத்த சின்னக் கார். ஓட்டியது நான். டைல்ஸ் கம்பெனியில் பதினோரு வருடமாக டிரைவர். ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர். பக்கத்தில் என் அறைத்தோழன் பெர்னாண்டோ, தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். அதே கம்பெனியில் பேக்கிங் வேலை.

போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை ஒன்று வழியிலிருக்கும் பித்யாவில் இடிந்து கிடக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்கு அதைப் பார்க்க ஆசை. பெர்னாண்டோவிடம் சொன்னதும் சிரித்தான். "எங்களுக்கு இந்தப் பேரை வச்சிட்டுப் போனவங்கல்லா, போய்ப் பாத்துட்டு வருவோம்ணே" என்றான்.

ஏழே முக்காலுக்குப் பித்யா. நான்கு சிறு குமிழ்களோடு மண்ணும் கல்லுமாக நிற்கும் பழைய பள்ளிவாசலைத் தாண்டி ஊருக்குள் விசாரித்துப் போனோம். கோட்டையில் மிஞ்சியது இடுப்புயரச் சுவர்களும் மூலைகளில் கோபுரங்களின் அடிப்பாகமும்தான். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அதைவிட ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய கட்டடம் ஒன்றின் கற்களைப் பெயர்த்துக் கட்டினார்களாம். ஊர்களைக் கொளுத்தியவர்கள்தான், அதை மறக்கவில்லை. 1507இல் கோர்ஃபக்கானையும் எரித்திருக்கிறார்கள். இருந்தும், உலகின் மறுகோடியிலிருந்து வெறும் பாயை நம்பி இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த நெஞ்சுரத்தை நினைத்தபோது வியப்புதான் மேலோங்கியது.

ஒன்பது மணிக்குக் கோர்ஃபக்கான் கடற்கரை. பின்னால் ஹஜர் மலைகள், விரிகுடாவின் ஒரு முனையில் கன்டெய்னர் துறைமுகம், எதிரே சுறாத்தீவு என்கிற பாறைத் திட்டு. தீவைச் சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு நூற்றிருபது திர்ஹாம். படகோட்டி ரஃபீக், சிட்டகாங்காரர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. நான் இங்கன உக்காந்திருக்கேன்" என்றான் பெர்னாண்டோ.

"கடற்கரையில பொறந்தவன் பேசுற பேச்சா இது? வாப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். முகம் சுருங்கினாலும் ஏறினான். படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

தீவைக் கடந்து ஆழத்துக்குப் போனதும் இன்ஜின் இருமி நின்றது. ரஃபீக் கயிற்றை இழுத்தார், பிளக்கைத் துடைத்தார், மறுபடி இழுத்தார். "கலாஸ் பாய்", அவ்வளவுதான் என்று கையை விரித்தார். முதலாளிக்குப் போன் செய்தார். இன்னொரு படகு டைவிங் ஆட்களோடு வெளியே போயிருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும், கடலோரக் காவல்படைக்கும் சொல்கிறேன் என்று பதில் வந்தது. அதற்குள் மலையிலிருந்து இறங்கிய காற்று எங்களைக் கப்பல்கள் போகும் பக்கம் தள்ளத் தொடங்கிவிட்டது. நங்கூரக் கயிறு அடியைத் தொடவில்லை. தூரத்தில் மூன்று மாடி, நான்கு மாடியாகப் பெட்டிகளை அடுக்கிய கப்பலொன்று வந்துகொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டின் வாரை மறுபடியும் இறுக்கினேன்.

பெர்னாண்டோ எழுந்தான். முகத்தைக் காற்றுக்குக் காட்டி ஒரு கணம் நின்றான்.

"கச்சான். மேக்க இருந்து வருது. கரைக்கு நேரா போக முடியாதுண்ணே. காத்தைக் குறுக்க வாங்கித் தீவோட வாலைப் புடிச்சிரலாம். பாய், ஜல்தி, இந்தத் துணியை அவுருங்க!"

நிழலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை இருவரும் அவிழ்த்தார்கள். அதைத் தாங்கியிருந்த இரண்டு குழாய்களில் துணியைச் சுற்றிக் கட்டிப் பாயாக்கினான் பெர்னாண்டோ. ஒரு குழாயை என்னிடமும் மற்றதை ரஃபீக்கிடமும் கொடுத்து, "விட்டுராதீங்க" என்றான். இருந்த ஒரே துடுப்பைப் பின்னால் ஊன்றிச் சுக்கான் பிடித்தான். படகு தயங்கியது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து நகர்ந்தது. என் கைகள் பிய்ந்துவிடும்போல் வலித்தன. முக்கால் மணி நேரத்தில் தீவின் மறைவில் பாறையோடு படகைக் கட்டினோம்.

"இனி?" என்றேன்.

"காத்து திரும்பணும். மத்தியானம் கொண்டல் வரும், கிழக்க இருந்து. அதுவா கொண்டுபோய் விட்டுரும்."

காத்திருந்தோம். ரஃபீக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு பெர்னாண்டோ தானாகவே சொன்னான். ஆறு வருடத்துக்கு முன் அவன் தம்பி வலைக்குப் போய்த் திரும்பவில்லை. அன்று காய்ச்சலென்று இவன் வீட்டில் படுத்திருந்தான். "அதுக்கப்புறம் கடல்ல காலே வைக்கலண்ணே. நான் இருந்திருந்தா அன்னைக்குக் காத்தைப் பாத்துட்டுப் போகவே விட்டுருக்க மாட்டேன்." விவரம் தெரியாமல் இழுத்து வந்தவன் நான். அவன் தோளில் கை வைத்தேன்.

முதலாளி சொன்ன படகைக் காணோம். பன்னிரண்டரைக்கு அலையின் முகம் மாறியது. அவன் சொன்ன காற்று வந்தது. பாயை மறுபடி விரித்தோம். இம்முறை பின்னாலிருந்து தள்ளிய காற்றில் படகு கரையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் இங்கிருந்து ஒரு பருவக்காற்றில் இந்தியாவுக்குப் போய், அது திரும்பும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்து, மறுகாற்றில் ஊர் திரும்பியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்தப் பொறுமையின் எடை அன்றுதான் விளங்கியது. பாதி வழியில் எதிர்ப்பட்ட காவல் படகு கயிறு வீசியது. எங்களைக் கட்டி இழுக்கும் முன், அதிலிருந்தவர் தார்ப்பாயைப் பார்த்துவிட்டுப் பெர்னாண்டோவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கரையில் மெக்கானிக் அரை மணி நேரத்தில் இன்ஜினைச் சரிசெய்தார். ஓட்டிப் பார்க்க ரஃபீக் படகைத் தள்ளினார். மணலில் என்னோடு உட்கார்ந்திருந்த பெர்னாண்டோ எழுந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருதேண்ணே."

ரஃபீக் நகர்ந்து இடம் கொடுத்தார். சுக்கானை அவனே பிடித்தான். படகு சிறுத்துச் சிறுத்துத் தீவுக்குப் பின்னால் மறைந்தது. கடலேறிப் போனவர்களைப் பற்றியே இதுவரை படித்திருக்கிறேன்; கரையில் நின்று பார்த்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நீர் என்றால் கண்மாய்தான், நின்ற இடத்திலேயே மறுகரை தெரியும். இங்கே வெயில் இறங்குவதுகூடத் தெரியாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ரவுண்டு என்றவன் மூன்று சுற்றி வந்தான். நாங்கள் கிளம்பும்போது மணி ஐந்து.