லயத்தில் பிறந்தவள்

என் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஸிம்மர்லௌட்ஷ்டேர்க்க. ஜெர்மன்காரர்கள் மூன்று சொற்களை ஒட்டி ஒன்றாக்கிவிடுவார்கள், நமக்குத்தான் மூச்சு வாங்கும். அறைச் சத்த அளவு என்று பொருள். உங்கள் அறையில் எழும் ஒலி உங்கள் அறைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். பக்கத்து அறைக்குப் போனால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள். வந்த புதிதில் மிக்ஸி போடப் பயந்து தேங்காய்ச் சட்னியையே கைவிட்டிருந்தேன். நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. என் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். அஞ்சல் பெட்டியில் அவர் பெயர் இருக்கிறது, மழைக்காலத்தில் வாசலில் அவருடைய ஈரச் செருப்பு இருக்கிறது. அவர் இருமி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் பிறந்தது லயத்தில். தேவிகுளத்துக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம். லைன் என்ற ஆங்கிலம் மலையேறி வரும்போது அப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது. ஒரே கூரை, அதன் கீழே ஆறு வீடு, வீட்டுக்கு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். இடைச்சுவர்கள் கூரை வரை போகாமல் பாதியில் நின்றுவிடும். அதனால் ஒரு வீட்டுச் சத்தம் ஆறு வீட்டுக்கும் சொந்தம். முதல் வீட்டில் ரேடியோ, இரண்டாம் வீட்டில் பிள்ளையை அடிக்கும் சத்தம், நாலாம் வீட்டு மாமாவின் இருமல். இரண்டாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் குழாயடித் தகராறு வந்தால், மூன்றாம் வீட்டில் இருந்த என் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, எழுந்திருக்காமல், தணிந்த குரலில் இரண்டு பக்கமும் பேசி முடித்துவைப்பாள். ஏக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புகையும் ஒழுகலும் கூட்டமும் தாங்காமல் நர்சிங் படித்துத் தப்பி வந்தவள் நான். அங்கே ஒரு நாள் தனியாகப் படுக்க வாய்த்தால் போதும் என்றிருந்தேன். இங்கே அது போதும் போதும் என்கிற அளவுக்கு வாய்த்துவிட்டது.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு ஞாயிறு பிற்பகல் சாப்பாட்டுக் கூடத்தில் வாசிக்க நான்கு பேர் வந்தார்கள். இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து, தணிந்த குரலில் பேசும் வயோலா ஒன்று, கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. நான் காபித் தட்டுடன் நின்றுவிட்டேன். எனக்கு இசை தெரியாது. ஆனால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச, யார் யாருக்கு என்ன பதில் சொல்கிறார் என்று எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. வயலின்கள் இரண்டும் முறைத்துக்கொள்வது கேட்டது. நடுவில் வயோலா இருவருக்கும் தணிந்து பேசுவது கேட்டது. காபி ஆறிவிட்டதென்று ஒரு பாட்டியம்மா என்னைத் திட்டியது மட்டும் கேட்கவில்லை. போகும்போது செல்லோக்காரர் அந்த இசையின் பெயரைக் காகிதக் கைத்துடைப்பானில் எழுதித் தந்தார். இந்த வகைக்குக் காமர்மூசிக் என்று பெயராம். அறை இசை. சத்தத்தைத்தான் அறைக்குள் அடைத்தார்கள் என்றால் இசையையும் அடைத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பல மாதங்கள் டிராமில் போகும்போதும் வரும்போதும் அந்த ஒன்றையே கேட்டேன். அடுத்து எதைக் கேட்பது? கடலளவு இருக்கிறது, எந்தக் கரையில் கால் வைப்பது என்று தெரியவில்லை. இந்த ஊரில் சனிக்கிழமை மதியங்களில் தேவாலயத்தில் இலவசமாக வாசிப்பார்கள் என்று அறிந்து போகத் தொடங்கினேன். அங்கேதான் மணி சார் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும், பொறியாளர், இங்கே வந்து முப்பது வருடம் ஆனவர்.

“நீங்க மலையாளியா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“தமிழ்தான் சார். தேவிகுளம் பக்கம்.”

“அடடே! நாங்க பாலக்காடு, கல்பாத்தி. ரெண்டு வாரமா பாக்கறேன், கண்ணை மூடிண்டு அப்படிக் கேக்கறேளே. ஆத்துல யாராவது வித்வானா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நான் லயத்துல பொறந்து வளந்தவ.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அதான் பார்த்தேன்! லயத்துலயே பொறந்தவாளுக்கு யார் சொல்லித்தரணும்?” என்று தொடையில் தாளம் போட்டுக் காட்டினார். வாசிப்பு தொடங்கிவிட்டது. முதல் பகுதி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, அவருடைய லயம் வேறு, என்னுடைய லயம் வேறு. திருத்தியிருக்கலாம். வேண்டுமென்றேதான் திருத்தவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் என்னிடம் தமிழில் சந்தோஷப்பட்டிருக்கிறார், அதை எப்படிக் கெடுப்பது?

அதன் பிறகு வாரம் ஒரு செய்தி கைப்பேசியில் வரும். அது பிடித்திருந்தால் இதைக் கேளுங்கோ. இதில் மூன்றாம் பகுதியில் செல்லோ என்ன செய்கிறதென்று பாருங்கோ. லேசானதாக ஒன்றும் அனுப்பமாட்டார். காது கேட்காமல் போனபின் ஒருவர் எழுதியது, சாவதற்கு முந்தின கோடையில் ஒருவர் எழுதியது, மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாமல் முக்கால் மணி நேரம் போவது. இரண்டு முறை கேட்டால் எனக்குப் பிடிபட்டுவிடும். பிடித்ததைச் சொல்வேன், பிடிக்காததையும் சொல்வேன். “வயோலாவை இவ்வளவு கவனிக்கற ஆளை நான் பார்த்ததில்லை” என்று ஒருமுறை எழுதினார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. மாதம் ஒருமுறை வீட்டுக்கு அழைப்பார். மாமி மொளகூட்டல் என்கிற பாலக்காட்டுக் கூட்டு வைப்பார்கள். இந்த ஊரில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த ஒரே வீடு அது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவருடன் வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவரும் வந்திருந்தார். மணி சார் என்னைக் காட்டி, “இவள் தாளத்திலேயே பிறந்தவள், பரம்பரை” என்று ஜெர்மனில் பெருமையாக அறிமுகப்படுத்தினார். வந்தவர் உடனே மேசைமேல் விரலால் தட்டி, எனக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்றார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். இல்லை, லயம் என்றால் வீடு, வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும் வீடு. அதற்கு நான் அறிந்த ஜெர்மன் சொல் ரைஹன்ஹவுஸ். வந்தவர் புருவத்தை உயர்த்தினார். “ரைஹன்ஹவுஸா? இங்கே அதெல்லாம் வசதியானவர்கள்தான் வாங்க முடியும்” என்றார். தோட்டம் உண்டா என்றும் கேட்டார். உண்டு, கண்ணுக்கெட்டிய வரை தோட்டம்தான் என்றேன். அவர் மிகவும் மகிழ்ந்துபோனார்.

மணி சார் மட்டும் சிரிக்கவில்லை. “ஓ, எஸ்டேட்டா... அந்த லயமா” என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். மாமி எனக்கு இன்னொரு கரண்டி மொளகூட்டல் போட்டார்கள். ஒருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

அந்த வாரமும் செய்தி வந்தது. “இது லேசா இருக்கும், உங்களுக்குப் புடிக்கும்.” கேட்டேன். கல்யாண மண்டபத்துக்கும் சாக்லேட் விளம்பரத்துக்கும் பொருத்தமான நடனத் துண்டு. அடுத்த வாரமும் லேசு. அதற்கடுத்த வாரம், புதிதாகக் கேட்பவர்களுக்கான இருபது என்று ஒரு பட்டியல். அவர் என்னை வீட்டைவிட்டு விலக்கவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. பட்டியலைத்தான் மாற்றினார். அவருக்கு அது அக்கறை. எனக்கு அழுகை வந்தது. காது அதே காதுதானே? முந்தின வாரம் வரை செத்துப்போகிறவரின் கடைசிக் கோடையைக் கேட்கத் தெரிந்தவளுக்கு இந்த வாரம் சாக்லேட் போதும் என்று எப்படித் தோன்றியது? இதை அவரிடம் கேட்க வாய் வரவில்லை. பதில் போடுவதை நிறுத்திவிட்டேன், சனிக்கிழமைகளில் தேவாலயத்துக்கும் போகவில்லை. வேலை, டிராம், அறை என்று இரண்டு மாதம் ஓடியது. தமிழ் என் வாயில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் புழங்கியது, அதுவும் தங்கை ராணியுடன்.

ராணி இன்னும் அதே மூன்றாம் வீட்டில் இருக்கிறாள், கொழுந்து எடுக்கப் போகிறாள். அம்மா போனபிறகு எங்களுக்குள் பேச்சு சாப்பிட்டியா, மழையா என்பதோடு தேய்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு நான் இசையை நிறுத்த மறந்து அவள் அழைப்பை எடுத்துவிட்டேன். முதன்முதலில் காபி ஆறக் கேட்ட அதே இசை.

“எக்கா, அங்க என்ன சத்தம்? ஆளு வந்திருக்காகளா?”

“இல்லட்டி, பாட்டு. நாலு பேரு வாசிக்காக.”

அணைக்கப் போனேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“நடுவுல ஒருத்தி நம்ம அம்மா கணக்கா பேசிக்கிட்டே இருக்கா பாத்தியா? பாவம், ஒத்தையில மல்லாடுதா. அவளுக்குத் தொணைக்கு இன்னொருத்தி இருக்கக்கூடாதாக்கா?”

மறுநாள் வேலை முடிந்ததும் நகர நூலகத்துக்குப் போனேன். இரண்டு வயோலா வேண்டும் என்றேன். மேசையில் இருந்த பெண் கனிவாக, வாத்தியங்களை நாங்கள் இரவல் தருவதில்லை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடை இருக்கிறது என்று வரைபடம் போட்டுத் தந்தார். நன்றி சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நானே அலமாரியில் தேட இறங்கினேன். குறுந்தகடுகளின் பின்னட்டையில் வாசித்தவர்களின் பெயரையும் வாத்தியத்தையும் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வயோலாவை எண்ணினேன். இரண்டு வயோலா உள்ள ஐவர் இசை ஒன்று கீழ்த்தட்டில் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டேன். முதல் வயோலா மேலே ஏறிப் போக, இரண்டாவது பின்னாலேயே போய் அதன் முதுகில் கை வைத்தது போலிருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி சாருக்கு அதன் பெயரை அனுப்பினேன். கீழே, “இத்தனை நாள் நீங்கள் அனுப்பியதெல்லாம் பிடித்திருந்தால் இதையும் கேளுங்கள் சார்” என்று எழுதினேன். நான்கு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

“ரெண்டு நாளா இதையேதான் கேட்டுண்டிருக்கேன். நானா இதுகிட்டப் போயிருக்கவே மாட்டேன். எப்படிக் கண்டுபுடிச்சேள்?”

“நான் லயத்துல பொறந்தவ சார்” என்று பதில் போட்டேன்.

அவர் தட்டச்சு செய்வது தெரிந்தது, நின்றது, மறுபடி தெரிந்தது. கடைசியில் இரண்டே சொல் வந்தது. “அதான் பார்த்தேன்.” எந்த லயம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பிட வாங்கோ என்றும் அவர் எழுதவில்லை.

இன்று ஞாயிறு. ராணி அழைத்தாள். அவளுக்காகத் தேடி எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். “ஆமாக்கா, இப்பந்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வருது” என்றாள். இசை முடிந்தது. அவள் பக்கத்திலிருந்து லயம் முழுவதும் கேட்டது, யாரோ பாத்திரம் போட்டார்கள், யாரோ யாரையோ அதட்டினார்கள், நாலாம் வீட்டு மாமா நீளமாக இருமினார். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, கட்டிலை ஒட்டிய சுவரோரம் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். அந்தப் பக்கம் இருப்பவர் சுவரைத் தட்டட்டும், வந்து கதவைத் தட்டிச் சண்டைதான் போடட்டும் என்று காத்திருந்தேன். மாமா மறுபடி இருமினார். சுவர் சும்மா இருந்தது.

“எக்கா, என்ன சத்தத்தையே காணோம்? இருக்கியா?” என்றாள் ராணி.

“இருக்கேன்” என்றேன், அறைச் சத்த அளவில்.