கக்குலும் கக்கூசும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். அப்படி நின்ற ஒரு மழை நாளில் மூன்றாம் மாடிப் படியில் சறுக்கி, தொப்பென்று குந்தியபடி விழுந்தேன். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது. பெல்ட் கட்டி மூன்று மாதம் கிடந்தேன். எலும்பு பொருந்தியதுதான், ஆனால் கோணலாகப் பொருந்திவிட்டது. எழும்பி நடந்தபோது கூன் விழுந்திருந்தது.

நான் கணிதம் படிப்பிக்கும் ரியூஷன் வாத்தியார். வகுப்புப் பலகையின் மேல் பாதி எனக்கு எட்டாமல் போனது. கீழ்ப் பாதியில் எழுதினால் பின் வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் நடந்தால் மரக்கறிக் கடைக்காரர், "சேர், என்ன விழுந்தது? நானும் வந்து தேடட்டோ?" என்பார். முதல் நாள் சிரித்தேன். ஒரு வருடமாக அதே பகிடி என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நோவு வேறு. பத்து நிமிடம் நின்றால் இடுப்பு கழன்று விழும்போல இருக்கும்.

வெட்டி நிமிர்த்தலாம் என்றார் டொக்டர். கோணல் எலும்பை அறுத்து, கம்பியும் ஸ்குரூவும் போட்டு நேராக்குவது. நரம்புக்குப் பக்கத்தில் வேலை, கால் வழங்காமல் போகவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு எல்லாம் அலுத்திருந்தது. இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். மனைவி விட்டால்தானே!

"நிலத்தைப் பாத்தபடியே சாகப் போறியளோ? செய்விப்பம். நான் இருக்கிறன்தானே."

ஓம் என்றேன். துணிவு வந்து அல்ல. அவளோடு வாதாட உடம்பில் தென்பில்லை.

ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது தாதி ஒருவர் குனிந்து நின்றார். இருபது வருடம் கொழும்பில் இருந்தும் என் சிங்களம் பஸ்ஸில் இறங்கவும் மீன் வாங்கவும்தான் காணும். போதாததற்கு மயக்கம். அவர் கேட்டார்:

"கக்குல் ஹொலவன்ன புளுவன்த?"

கக்குல் என்றால் கால். காலை ஆட்ட முடியுமா என்கிறார். என் காதில் விழுந்ததோ கக்கூஸ். கக்கூசுக்குப் போக முடியுமா என்று கேட்கிறாராம்! முதுகைப் பிளந்து தைத்துப் போட்டிருக்கிற மனிசனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சினம் ஏறியது.

"பேஹே," என்றேன். முடியாது.

அவர் மறுபடி கேட்டார்.

"பேஹே, மிஸ், பேஹே!"

அவருடைய முகம் மாறியது. டொக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினார். கதவடியில் என் மனைவி நின்றிருந்தாள். கொழும்பில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நோயாளிக்குக் காலை ஆட்ட முடியவில்லை என்று தாதி கத்தியது அவளுக்கு ஒரு சொல் தப்பாமல் விளங்கியது.

பத்து நிமிடம் கழித்து டொக்டர் வந்து, கூரான எதையோ எடுத்து என் உள்ளங்காலில் கீறினார். "ஐயோ அம்மா!" என்று காலை வெடுக்கென இழுத்தேன். பிறகுதான் விஷயம் வெளித்தது. டொக்டர் சிரித்தார், தாதியும் சிரித்தார்.

நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதும் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மரக்கறிக் கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவி மட்டும் எழும்பி உள்ளே போய்விடுவாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒருக்கா சிரிச்சால் என்ன குறைஞ்சு போடுமே?"

"அந்தப் பத்து நிமிசமும் நான் என்ன நினைச்சனான் எண்டு தெரியுமோ? இவரின்ரை காலை நான்தான் பறிச்சுப் போட்டன் எண்டு. என்ரை ஆக்கினை தாங்கேலாமத்தானே நீங்கள் ஓம் எண்டனியள்."

அதன்பிறகு அந்தக் கதையைப் பகிடியாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

இப்போதும் காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போர்வைக்குள் கைவிட்டு என் கால் பெருவிரலைப் பிடிப்பாள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் ஆட்டிக் காட்டுவேன். ஆட்டிய பிறகுதான் கையை எடுப்பாள்.