சரக்கு வண்டியில் போன சீர்

சீலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அக்கா மகளுக்குக் காது குத்துகிற நாளில் அம்மா களையெடுக்கப் போகும் சீலையைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். புதுச்சீலை பையில் இருந்தது. அரக்கு நிறம், மஞ்சள் கரை. வாங்கிய நாளிலிருந்து அவள் அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கட்ட வேண்டிய நாளில் அது வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தது. ஒளித்து வைக்கச் சொன்னவர் சித்தப்பா.

சித்தப்பா பெரம்பலூரில் ஒரு பஞ்சு வியாபாரியிடம் மினி லாரி ஓட்டினார். மினி லாரி என்பதே அதற்குக் கொஞ்சம் கூடுதலான மரியாதை. முன்னால் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற திறந்த பாடி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் அவர். முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். அப்போது அரியலூரில் கல்லூரி முதல் வருடம் முடித்திருந்தேன். சித்தப்பா என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுவதில்லை. "டேய் காலேஜு" என்பார்.

அக்காவைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர்களும் குன்னத்துப் பக்கத்து ஆட்கள்தான், எங்கள் சொந்தம்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் மில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த ஒரு தலைமுறையை அக்காவின் மாமியார் எங்கள் முன் பெரிய மலையாக நிறுத்தி வைத்திருந்தார். அக்கா வளைகாப்புக்கு நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போயிருந்தோம். ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னதால் பாதிச் சாமான் ஊரிலேயே நின்றுவிட்டது. இரண்டு துணிப்பையோடு நாங்கள் அந்தத் தெருவில் நடந்ததை அந்த அம்மாள் எல்லோரிடமும் சொன்னாராம். "சீரு கொண்டாந்தாங்களா, இல்ல சந்தைக்குப் போயிட்டு வழி தவறி வந்தாங்களான்னே தெரியல."

சித்திரையில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதியிருந்தாள். முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்த பிறகு, மாலை நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் காது குத்தப் போகிறார்கள். ஆறுக்குள் தாய்மாமன் வந்து சேராவிட்டால் மாமியார் தன் தம்பி மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிடுவாராம். 'அப்படி நடந்தால் எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று இவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். எப்படியாவது தட்டோடு வா தம்பி' என்று முடிந்திருந்தது.

சித்தப்பா முதலாளியிடம் வண்டி கேட்டார். திரும்பும்போது கோயம்புத்தூரில் நூல் மூட்டை ஏற்றிவர வேண்டும், போகும்போது வெறும் வண்டிதானே என்று அவரும் சம்மதித்தார். பித்தளைத் தட்டுகள், தேங்காய், பழம், வெல்லம், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, தோடு. ஜெயங்கொண்டத்துப் பக்கத்து அத்தை ஒரு பை முந்திரி கொண்டுவந்தார். வயலோரம் ஓலை மூடிப் பட்டறை போட்டு வைத்திருந்த சின்ன வெங்காயத்தில் எட்டு மூட்டை. எங்கள் சீரில் வெங்காயம்தான் கனமான பொருள்.

விடிந்ததும் விடியாததுமாக ஒன்பது பேர் வண்டியருகே நின்றோம். சித்தப்பா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இது சரக்கு வண்டி. ஆள் ஏத்தக் கூடாது. மூட்டை எறக்குற ஆளுன்னா கொஞ்சம் கண்டுக்க மாட்டாங்க. அதனால வழியில எவனாவது மறிச்சா, நீங்கல்லாம் கூலியாளு. தட்டுங்கள்லாம் தார்ப்பாய்க்கு அடியில. புதுத்துணி பையில. தெரிஞ்சிதா?"

"பொம்பளைங்க எங்கடா மூட்டை எறக்குறது?" என்றார் பெரியம்மா.

"வெங்காயம் ஆயுற பொம்பளைங்க."

பெரியம்மா சிரித்துவிட்டார். "பொய் சொல்லச் சொல்றியே, நல்ல பொய்யா ஒண்ணு சொல்லப்படாதா? நேத்து வரைக்கும் அதத்தானடா செஞ்சோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இன்னிக்கி நாம கூலியாளு இல்ல சித்தப்பா, சம்பந்தி" என்றேன். அப்பா என்னைப் பார்க்காமலே மூட்டையைத் தூக்கி வைத்தார். "வண்டியில ஏறு தம்பி. கோயம்புத்தூர்ல போயி சம்பந்தியா எறங்கிக்கலாம்."

பெரம்பலூர் தாண்டித் திருச்சி ரோட்டில் ஏறினோம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பாடாலூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஜீப் நின்றது. காக்கி உடுப்பில் ஒருவர் கையைக் காட்டினார். "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று சித்தப்பா பல்லைக் கடித்தார். வண்டி நின்றது.

அவர் புக்கையும் பர்மிட்டையும் வாங்கிப் பார்த்தார். அதில் குறை ஒன்றும் இல்லை. பின்பக்கம் வந்தார். அம்மா மூட்டைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அவர் கேட்பதற்கு முன்பே குதித்து இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். அந்தத் துண்டு இறங்கிய வேகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

"யாருய்யா இவங்கள்லாம்?"

"கூலியாளுங்க சாமி. வெங்காயம் ஏத்தி எறக்க" என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவர் நம்பிவிட்டார். எங்களைப் பார்த்தவுடனே நம்பக்கூடியதாக அது இருந்தது. புக்கைச் சித்தப்பாவிடம் நீட்டவும் செய்தார். அப்போது முன்சீட்டிலிருந்து இறங்கி நின்ற என்னைப் பார்த்தார். பேண்ட், சட்டை, பையில் பேனா.

"நீங்க யாரு தம்பி, சரக்குக்குச் சொந்தக்காரரா? இந்த ஆளுங்க ஒங்க ஆளுங்களா?"

ஆமாம் என்றால் போதும். அப்பாவை என் கூலியாள் என்று தலையாட்டினால் போதும். எதிரே அப்பா கண்ணால் கெஞ்சினார்.

"இல்ல சார். இவரு எங்கப்பா. அது எங்கம்மா. எங்க அக்கா மவளுக்குக் காது குத்து, சீரு கொண்டு போறோம். கூலியாளு யாரும் இல்ல சார்" என்றேன்.

சித்தப்பா தலையில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் தார்ப்பாயைத் தூக்கச் சொன்னார். தட்டுகள் வெயிலில் பளிச்சிட்டன. அவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. பொய் சொன்னது நாங்கள். "சீரு கொண்டு போறவங்க பஸ்ல போங்க. இது மாடு, மூட்டை ஏத்துற வண்டி. எல்லாரும் எறங்கு!" என்றார். நான் பஸ்ஸில் ஏற்றாத கதையைச் சொன்னேன். பிள்ளை, ஆறு மணி, அக்கா, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், இறங்கி வரவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு வேறு லாரிகளை மறிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு வார்த்த. கூலிக்காரன்னு சொன்னா ஒன் வாயி வெந்துருமா? நான் பொறந்ததுலேர்ந்து அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். அதச் சொல்லித்தான் ஒன்ன படிக்க வச்சேன். அங்க எம் பொண்ணு ஒக்காந்திருக்கா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த இடத்தில் மறுபடி நின்றாலும் அதையேதான் சொல்வேன் என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். கேஸ் எழுதவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "சரக்கு போவலாம். நீங்க வேணா சரக்குக்காரரா முன்னாடி ஏறிக்குங்க தம்பி, படிச்ச புள்ளையா இருக்கீங்க. மத்ததுங்க பஸ்ல வரட்டும்" என்றார்.

"மத்ததுங்க இல்ல சார். எங்க வூட்டு ஆளுங்க. அவங்க ஏறாத வண்டியில நானும் ஏறமாட்டேன்."

"அப்ப நடந்து போ! நடக்குறதுக்குப் பர்மிட் வேணாம். ஆனா எங்கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் ஒருத்தன் வண்டியில கால வைக்கக் கூடாது."

அவர் விரட்டத்தான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டது அம்மா. மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பையை இழுத்தாள். பெரியம்மாவும் அத்தையும் தார்ப்பாயை ஆளுக்கொரு முனை பிடித்து மறைக்க, வண்டிக்குள்ளேயே சீலை மாற்றினாள். அரக்குச் சீலையில் இறங்கி வந்து, தேங்காய்த் தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நடந்துதான சீரு போவணும்? வாங்க போவம்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சீர்த்தட்டு எங்கள் தெருவுக்குள்தான் சுற்றும். பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குப் போகாது, கடைவீதிக்குப் போகாது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. அம்மா தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த பெரிய ரோடு என்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்.

அந்தத் திருச்சி ரோடு அங்கே வளைவே இல்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடிந்த காடு. மறைவதற்கு ஒரு மேடு கிடையாது. திரும்பிப் பார்த்தால் ஜீப் தெரிந்தது. ஆகையால் நடந்தோம். முன்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் பெரியம்மா, அத்தை, மற்றவர்கள், ஆளுக்கொரு தட்டு. பாவாடையும் தோடும் வைத்த தட்டு என் கையில். மாமன் தட்டு அது. பின்னாலேயே சித்தப்பா வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். பாம்... பபாம்... பாம்.

"என்னாடா அது?" என்று பெரியம்மா திரும்பாமலே கேட்டார்.

"மேளம் இல்லாத சீரா அண்ணி? நல்லாவா இருக்கும்?"

எதிரே வந்த லாரிக்காரர்கள் பார்த்துவிட்டு அவர்களும் ஹாரன் அடித்தார்கள். ரோட்டோரம் ஒரு ஊர். டீக்கடை வாசலில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் கேட்டார், "எந்த ஊருக்குப் போவுது சீரு?"

"கோயம்புத்தூருக்குங்க" என்றாள் அம்மா.

"நடந்தா?"

"பேத்திக்குக் காது குத்துங்க. போயிட்டு வரோம்."

யார் என்ன ஆள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா அன்றைக்குச் சொல்லியிருப்பாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தார் செருப்பில் ஒட்டியது. அப்பா மட்டும் தட்டு எடுக்காமல் ரோட்டின் மறு ஓரமாக, எங்களோடு சேராதவர் போல் நடந்தார். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

இரண்டு மைலுக்கு மேல் நடந்து ஜீப் ஒரு புள்ளியாகி அந்தப் புள்ளியும் போன பிறகு ஏறினோம். அம்மா பழைய சீலைக்கு மாறவில்லை. தார்ப்பாயை மூட்டைமேல் மட்டும் போட்டோம், தட்டுகள்மேல் போடவில்லை. திருச்சி தாண்டினோம். கரூர் தாண்டி ரேடியேட்டர் கொதித்து நின்றது. தண்ணீர் தேடி ஊற்றிக் கிளப்ப இன்னும் முக்கால் மணி நேரம். சூரியன் சாய்வதை மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தோம். பல்லடத்தில் யாரோ கையில் கட்டியிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். ஆறு ஆக ஐந்து நிமிஷம்.

மில் காலனியில் நுழையும்போது ஆறே முக்கால் இருக்கும். சித்தப்பா தெருமுனையில் நிறுத்தவில்லை. வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோனார். பந்தலில் கூட்டம் கலைந்து பாதிதான் இருந்தது. கஞ்சி போட்ட வேட்டியில் மாமியாரின் தம்பி மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியும் மஞ்சளும் வைத்த தட்டை மூடி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். நடுவே மணையில் அக்கா. பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, சுற்றிலும் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். நாலரையிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை என்று பிறகு அக்கா வீட்டுக்காரர் சொன்னார். பிள்ளையை வாங்க வந்தவர்களிடம், "எந் தம்பி வராம இதத் தொட்டா நான் இந்த வூட்டுலயே இருக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

நாங்கள் தட்டுகளோடு இறங்கினோம். மாமியார் வாசலுக்கு வந்தார்.

"வாங்க சம்பந்தி. ஆறு மணி எப்ப, இப்ப மணி என்ன? வண்டி பங்ச்சரா?"

பங்ச்சர் என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பா சொல்ல வாயெடுத்துவிட்டார். அப்பா முந்திக்கொண்டார்.

"பங்ச்சர் இல்லீங்க. வழியில மறிச்சுட்டாங்க. கூலியாளுங்கன்னு சொன்னா வுட்டுருப்பாங்க. எம் மவன் சொல்லமாட்டேன்னுட்டான்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாமுல்லீங்க?"

அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார்.

"வந்திருக்கலாம். கூலியாளு வந்திருப்பான். மாமன் வந்திருக்கமாட்டான்."

அக்கா எழுந்தாள். கால் மரத்துப்போய்த் தடுமாறினாள். நான் போய் மணையில் உட்கார்ந்ததும் பிள்ளையை என் மடியில் வைத்தாள். அது என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறது. வியர்வையும் வெங்காய வாடையுமாக இருந்த என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது.

ஆசாரி மாமியாரைப் பார்த்தார். "நேரம் போயிருச்சேங்கம்மா..."

"நேரத்த நான் பாத்துக்குறேன், நீங்க குத்துங்க" என்றாள் அக்கா.

முதல் காதில் ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டு என் தொடையில் உதைத்தது. இரண்டாவது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுபோனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மூடவில்லை.