குப்பைமேனிப் பை

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வரும் எழுமலை பஸ்ஸுக்காக மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மூன்று வருடமாக என் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. பஸ்ஸில் வருவது ஆள் இல்லை, பை. எங்கள் வயல் வரப்பில் மண்டிக் கிடக்கும் குப்பைமேனியை அப்பா விடியலிலேயே பறித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். இலை வாடுவதற்குள் நான் அதை வாங்கிக்கொண்டு காளவாசல் நெரிசலில் முண்டியடித்துக் கல்லூரி லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், அதில் கரைந்திருக்கும் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மாறும். வெளிர் மஞ்சள் நீர் மெல்லப் பழுப்பாகும். லேபில் வெற்றி என்றால் அந்தப் பழுப்புதான். அது வந்துவிட்டால் நாங்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். பிறகு, கிருமி பரப்பிய தட்டில் அதை ஒரு சொட்டு வைத்தால் சுற்றிலும் கிருமி வளராத வளையம் விழும். அந்த வளையத்தை ஸ்கேல் வைத்து அளப்பதுதான் என் படிப்பு.

இதை அப்பாவிடம் இப்படியே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"குப்பைமேனிச் சாறும் வெள்ளியும் சேர்ந்தா புண்ணுல இருக்குற கிருமியெல்லாம் செத்துப்போகும்ப்பா. தண்ணி பழுப்பாச்சுன்னா மருந்து ரெடி."

படிப்பு எப்போது முடியும், கல்யாணம் எப்போது என்று நச்சரித்துக்கொண்டிருந்த மனிதரின் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அவர் அதை "நம்ம மருந்து" என்றார். டீக்கடையில்கூடச் சொல்லித் திரிந்தார். நான் திருத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு மாதமாகப் பையின் கட்டு வேறு மாதிரி வந்தது. அப்பா போட்ட முடிச்சை அவிழ்க்கப் பல் வேண்டும். இது இழுத்ததும் அவிழ்ந்தது. வசதியாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். கடைசியில் கண்டக்டர்தான் கேட்டார்.

"ஏம்மா, அப்பாவுக்குக் கால் புண்ணு ஆறிருச்சா? இப்பல்லாம் அம்மாதான் பையைக் கொண்டாந்து குடுக்குறாங்க."

அதே பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போனேன்.

வாசலிலேயே வாடை அடித்தது. அப்பா கட்டிலில் கிடந்தார். வலது பாதத்தில் சுற்றியிருந்த வேட்டித் துணி நனைந்திருந்தது. சர்க்கரைக்காரர்; கருவேல முள் ஏறியிருக்கிறது. வலியே இல்லை என்றார். சர்க்கரைக்காரருக்கு வலி தெரியாமல் போவதுதான் மோசம். அடுப்பில் சட்டி நிறையக் குப்பைமேனி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியை விட்டுக் கிளறியபோது அடியில் ஏதோ சலசலத்தது. அவளுடைய வெள்ளிக் கொலுசு.

"படிக்கிற பிள்ளையப் பதற வைக்காதன்னுட்டாரு," என்றாள் அம்மா.

அப்பா தலையைத் தூக்கினார். "தண்ணியப் பாருத்தா. நீ சொன்ன மாதிரியே பழுப்பாயிருச்சு. தெனம் ரெண்டு வேளை ஊத்திக் கழுவுறேன்."

அவ்வளவு நேரம் காய்ச்சினால் எந்த இலையும் பழுப்பாகத்தான் செய்யும். கொலுசிலிருந்து அழுக்கைத் தவிர வேறெதுவும் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்காது.

மதுரைக்குக் கொண்டுவந்தோம். துணியைப் பிரித்துப் பார்த்த டாக்டர், முதல் வாரமே வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வார்டில், போர்வை தட்டையாகக் கிடந்த பக்கத்தைப் பார்க்காமலே அப்பா பேசினார்.

"மருந்துல குத்தமில்லத்தா. எனக்குத்தான் பக்குவம் தெரியல. பழைய கொலுசு, வெள்ளி மட்டமா இருந்திருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கொலுசு வேறு, லேபில் சேர்ப்பது வேறு. அதையும் தட்டில்தான் பார்த்திருக்கிறோம். எந்த மனிதரின் புண்ணிலும் வைத்ததில்லை. அது மருந்தாகுமா என்பதே எனக்குத் தெரியாது.

அவர் அப்போதுதான் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தார்.

"அப்ப எதுக்குத்தா வாரா வாரம் அம்புட்டு இலை கேட்ட?"

பட்டத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.