சம்மந்தியம்மாவின் கறுப்புத் திரை

மகளின் கலியாண அழைப்பிதழை இணையப் பக்கமாகச் செய்வேன் என்று அடம்பிடித்தவன் நான்தான். மாலை வகுப்பில் படித்த வித்தையை எங்காவது காட்ட வேண்டாமா? மனைவியின் கூறைச்சேலையைப் படமெடுத்து, பக்கத்தின் பின்னணியாகச் சிவக்கச் சிவக்க விரித்தேன். ஹம்பேர்க்கில் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

ஹனோவரிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஏன் கறுப்பிலை அடிச்சிருக்கிறியள்? செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. எனக்கு மனம் சரியில்லை. கலியாண நாளைத் தள்ளிப் போடுவமோ?"

பக்கத்தில் நின்ற மனைவி, "கலியாணக் காட் அடிச்சுத் தபாலிலை போட்டிருக்கலாம். ஆர் கேட்டது?" என்றாள்.

சம்மந்தியம்மாவிடம் கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போடச் சொன்னேன். கறுப்பு. பக்கத்தைத் திரும்ப எழுதி ஏற்றினேன். அதுவும் கறுப்பு. நூலகத்துத் தடித்த கணினிப் புத்தகங்களையும் புரட்டினேன். சம்மந்தியம்மா பற்றிய அத்தியாயம் எதிலும் இல்லை. சனிக்கிழமை ஹனோவருக்கு ரயில் ஏறினேன்.

அவர் தேநீரும் ரோல்ஸும் வைத்துவிட்டுத் திரையைக் காட்டினார். கன்னங்கரேல் என்ற பின்னணியில் கொழுத்த வெள்ளை எழுத்துகள். செய்திப் பக்கத்தைத் திறந்தேன். அதுவும் கறுப்பு.

"அக்கா, எல்லாப் பக்கமும் இப்பிடித்தானே இருக்கு?"

"ஓம், அதுகள் எப்பவும் அப்பிடித்தான். கலியாணமும் அப்பிடி இருக்கலாமோ?"

என் பக்கத்தில் பிழையில்லை. பக்கங்களின் சொந்த நிறங்களை மறைத்து, எழுத்தை மட்டும் பெருப்பித்துக் காட்டும்படி யாரோ கணினியிலேயே ஒழுங்கு செய்திருந்தார்கள்.

"மகன்தான் போட்டுத் தந்தவன்," என்றார் மெதுவாக. "கண்ணிலை புரை. வெள்ளைப் பக்கம் கூசும், வாசிக்க ஏலாது. கண் டொக்டர் டெர்மின் தந்த நாள் கலியாணத்துக்குப் பிறகுதான். பொம்பிளை வீட்டுக்கு ஏன் சொல்லவேணும் எண்டு விட்டிட்டன்."

அந்த ஒழுங்கை நீக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு விரிந்தது. மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போனார்.

"ஆற்றை கூறை?"

"என்ரை மனிசியின்ரை."

"நல்ல வடிவு."

"எழுத்துத் தெரியுதோ அக்கா?"

"ஒண்டும் தெரியேல்லை."

பழையபடி மாற்றக் கை வைத்தேன். "விடுங்கோ அண்ணை, அது அப்பிடியே கிடக்கட்டும். நீங்கள் எழுத்தை வாசியுங்கோ, நான் சேலையைப் பாக்கிறன்."

என் சொந்த அழைப்பிதழை, பெற்றோர் பெயர்கள் தொடங்கி மண்டபத்து விலாசம் வரை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தேன். இடையிடையே தலையாட்டினார்.

"முகூர்த்த நேரத்தை இன்னொருக்கா வாசியுங்கோ," என்றார். "நாங்கள் பிந்தி வரக்கூடாதெல்லோ."